பழைய போர் வாகனமும் பின்னால் வருபவரும்

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதத்தில், இங்கிலாந்தில் வசிக்கும் என் சித்தப்பாவைப் பார்க்கச் சென்றிருந்தேன். கென்ட் வட்டாரத்தில் அவருடைய வீடு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊர்த் திடலில் பழைய இராணுவ வாகனங்களின் கண்காட்சி நடைபெற்றது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகள், லாரிகள், மோட்டார் சைக்கிள்கள் எனத் திடல் முழுவதும் பச்சை வண்ண வாகனங்கள் வரிசையாக நின்றன. பெரியவர்களும் சிறுவர்களும் அவற்றின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் நேரம் போனதே தெரியவில்லை.

நாங்கள் வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. இரு பக்கமும் உயரமான புதர்வேலிகள் நிறைந்த குறுகிய சாலை அது. தெருவிளக்குகள் இல்லை. ஒரு வளைவைத் தாண்டியதும், எங்களுக்கு முன்னால் சாலையின் இடது ஓரத்தில் ஊதுபத்தியின் நுனி போல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. “மோட்டார் சைக்கிள் போலிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே, அதை முந்திச் செல்வதற்காகச் சித்தப்பா காரை வலப்பக்கம் திருப்பினார். அடுத்த நொடியே எங்கள் காரின் வெளிச்சத்தில் ஓர் இரும்புச் சுவர் போல ஏதோ எதிரே நின்றது. சித்தப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். பாதுகாப்பு வார் என் தோளை இறுக்கியது. கார் நின்றபோது எங்களுக்கும் அந்தச் சுவருக்கும் இடையே இரண்டு அடி இடைவெளிகூட இல்லை.

அது மோட்டார் சைக்கிள் அன்று. காலையில் கண்காட்சியில் நான் வியந்து பார்த்த ஜீப்புகளுள் ஒன்று. அதன் பின்புறத்தில் இடப்பக்க விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. வலப்பக்கம் முழு இருட்டு. எண் தகடும் காணப்படவில்லை. வண்டியை ஓட்டி வந்த முதியவர் பதறிப்போய் இறங்கி வந்தார். பின்னிருக்கையில் ஆறு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கம்பளிப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அவருடைய பேரன். தாத்தாவின் முகம் வெளிறிப்போனது ஏன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படம் எடுப்பதற்காகத் திடலில் எண் தகட்டைக் கழற்றியவர், மீண்டும் மாட்ட மறந்துவிட்டார். தகடு முன்னிருக்கையில் கிடந்தது. விளக்கைப் பற்றிக் கேட்டபோது, “இது போருக்குப் போய் வந்த வண்டி. இதில் ஒரு திருகாணியை மாற்றக்கூட எனக்கு மனம் வரவில்லை” என்றார். பிறகு அவரே, “என் பேரன் உள்ளே இருக்கிறான் என்பதையும் மறந்துவிட்டேன்” என்று தலைகுனிந்து கூறினார். சித்தப்பா அவரிடம் கோபப்படவில்லை. தகட்டை மாட்ட உதவிவிட்டு, அபாய விளக்குகளை எரியவிட்டு, அவர் வீடு சேரும் வரை காரைப் பின்னாலேயே மெல்ல ஓட்டி வந்தார்.

பழைய போர் வாகனங்கள் இன்றைய சாலையில் செல்லும்போது, எண் தகட்டுக்கும் விளக்குக்கும் உரிய விதிகளிலிருந்து அவற்றுக்கு விலக்கு அளிக்கலாமா? அன்று முதல் இந்தக் கேள்வி என் மனத்தில் இருந்து வருகிறது. ‘அவை வரலாற்றுச் சின்னங்கள், அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும்’ என்பது சிலருடைய கருத்து. வரலாற்றை மதிக்கும் அவர்களுடைய உணர்வை நான் மதிக்கிறேன். ஆயினும், பொதுச் சாலையில் இறங்கும் எந்த வாகனமும், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதன் எண்ணும் தெரிய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

மறைவதற்காகச் செய்யப்பட்ட வாகனம்

முதலில், இந்த வாகனங்கள் எத்தகையவை என்பதைத் தெரிந்துகொள்வோம். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவை நேச நாட்டுப் படைகளுடன் உலகின் பல முனைகளுக்கும் சென்றன. போர் முடிந்தபின் பல ஜீப்புகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இன்று ஆர்வலர்கள் அவற்றைத் தேடி வாங்கி, துருவை நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து பாதுகாக்கிறார்கள்.

சாதாரண கார் பிறர் கண்ணில் படுவதற்கேற்பச் செய்யப்படுகிறது. போர் வாகனமோ பிறர் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. அதன் பச்சை வண்ணம் மினுமினுக்காது. இரவில் ஒரு சிறு வெளிச்சம் வானத்திலிருந்து தெரிந்தாலும் எதிரி விமானம் குண்டு வீசும். ஆகவே, அந்த ஜீப்பில் இரண்டு வகை விளக்குகள் இருந்தன. ஒன்று, அமைதியான இடங்களில் பயன்படுத்தும் சாதாரண விளக்கு. மற்றொன்று, போர்முனையில் பயன்படுத்தும் மறைப்பு விளக்கு. இடது மட்கார்டின் மேல் பொருத்தப்பட்ட ஒரு சிறிய விளக்குக்குத் தொப்பி போன்ற மூடி இருந்தது. அதன் ஒளி மேலே போகாமல் தரையில் மட்டும் விழும். ஓட்டுநர் தவறுதலாக முழு விளக்கையும் எரியவிட்டுவிடக் கூடாது என்பதற்காக, விளக்குப் பொத்தானிலேயே ஒரு தடை வைத்திருந்தார்கள்.

பின்விளக்குகளின் அமைப்பைப் பார்த்தால் அன்று சித்தப்பா ஏமாந்ததன் காரணம் புரியும். பின்புறம் இரண்டு விளக்குக் கூடுகள் உள்ளன. ஆனால், சாதாரணப் பின்விளக்கும் பிரேக் விளக்கும் இடப்பக்கக் கூட்டில் மட்டுமே இருந்தன. வலப்பக்கக் கூட்டில் இருந்தவை போர்முனைக்கான மறைப்பு விளக்குகள். அதாவது, சாதாரண விளக்குகளை எரியவிட்டு ஓட்டும்போது பின்னால் வருபவருக்கு ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் தெரியும். அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. எனவே, இடப்பக்க விளக்கு சாலையின் நடுப்பகுதியை நோக்கி இருக்கும். இங்கிலாந்திலும் மலேசியாவிலும் வாகனங்கள் இடப்பக்கம் செல்கின்றன. இங்கே அதே விளக்கு சாலை ஓரத்துக்குப் போய்விடுகிறது. முந்திச் செல்பவர் வரும் பக்கம் இருட்டாகிவிடுகிறது. ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான அகலமுள்ள ஜீப், தூரத்தில் மோட்டார் சைக்கிளாகத் தோன்றுகிறது.

ஆனால், இராணுவப் பொறியாளர்கள் பின்னால் வருபவரை மறந்துவிடவில்லை. போர்க்காலத்தில் வாகனங்கள் வரிசையாக இரவில் செல்லும். முன்னால் செல்லும் வண்டியில் மோதாமலும், அதைத் தவறவிடாமலும் பின்தொடர வேண்டும். இதற்காக, அமெரிக்க வாகனங்களின் மறைப்புப் பின்விளக்குகளைச் சிறு சிறு கண்களாகப் பிரித்து அமைத்தார்கள். மிகவும் நெருங்கிவிட்டால் நான்கு புள்ளிகள் தெரியும். சரியான இடைவெளியில் இரண்டு தெரியும். மிகவும் பின்தங்கிவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒன்றாகத் தெரியும். பிரிட்டிஷ் இராணுவம் வேறொரு வழியைக் கையாண்டது. லாரியின் பின் அச்சில் உள்ள உருண்டைப் பகுதிக்கு வெள்ளைச் சாயம் பூசி, அதன்மேல் ஒரு சிறு விளக்கின் ஒளி விழும்படி செய்தார்கள். வானத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பின்னால் வரும் ஓட்டுநருக்கு மட்டும் தெரியும்.

உயிரைக் காப்பதற்காக ஒளியை மறைத்த காலத்திலும், பின்னால் வருபவருக்காக ஒரு சிறு ஒளியை விட்டுவைத்தார்கள். ‘வரலாற்றை அப்படியே பாதுகாக்கிறேன்’ என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றையும் பாதுகாக்க வேண்டும் அல்லவா?

இருட்டு வாங்கிய உயிர்கள்

விளக்கு மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து மக்கள் அதே போர்க்காலத்தில் தெரிந்துகொண்டார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது அந்த நாடு முழுவதும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வீட்டுச் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். கார்களின் முகப்பு விளக்குகளுக்கு முகமூடி போட்டார்கள். சாலை ஓரக் கற்களுக்கும் மரங்களுக்கும் கார்களின் மட்கார்டுகளுக்கும் வெள்ளைச் சாயம் பூசினார்கள். சாலையைக் கடக்கும் மாடுகள் அடிபடாமல் இருக்க, அவற்றின் உடலில் வெள்ளைக் கோடுகள் போட்ட விவசாயிகளும் இருந்தார்கள். 1940ஆம் ஆண்டில், குடியிருப்புப் பகுதிகளில் இரவு வேக வரம்பு மணிக்கு 20 மைலாகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவு செய்தும் உயிரிழப்பு குறையவில்லை. 1941ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 9,169 பேர் மாண்டார்கள். அந்த நாட்டின் வரலாற்றில் ஓராண்டில் சாலை விபத்துகளில் இத்தனை பேர் இறந்தது அந்த ஒரு முறைதான். பெட்ரோல் பங்கீடு இருந்ததால் சொந்தக் கார்களின் ஓட்டம் குறைந்திருந்த காலம் அது. அந்த நிலையிலும் இத்தனை பேர் இறந்ததற்கு இருட்டடிப்பு ஒரு முக்கியக் காரணம்.

‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. யானை பெரிய உருவம் கொண்டது; யார் கண்ணுக்கும் தப்பாது. ஆனாலும் அதன் கழுத்தில் மணி கட்டினார்கள். ஏன்? மனிதர்கள் நடமாடும் தெருவில் அது வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காக. யானைக்கே மணி வேண்டும் என்றால், மறைவதற்காகப் பச்சைச் சாயம் பூசிய வண்டிக்கு விளக்கு வேண்டாமா?

எண் தகடு யாருக்காக?

அடுத்து எண் தகட்டுக்கு வருவோம். பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டத்தின்படி, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் எண் தகடு கட்டாயம் ஆயிற்று. வேகமாகச் சென்று ஒருவரை இடித்துவிட்டு ஓடும் வாகனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலை அப்போதே இருந்தது. எண் தகடு அதற்கு விடையாக வந்தது. ‘இந்த வண்டிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், அவரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்’ என்று அது எல்லோருக்கும் சொல்கிறது.

போர் வாகனங்களுக்கும் எண் இல்லாமல் இல்லை. அமெரிக்க ஜீப்புகளின் பானெட் பக்கங்களில் ‘20’ என்று தொடங்கும் பதிவு எண்ணைச் சாயத்தால் எழுதினார்கள். பிரிட்டிஷ் இராணுவத்தில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தது. டாங்கிக்கு ‘டி’, காருக்கு ‘எம்’ என்பன போல வாகனத்தின் வகையை அது காட்டியது. நம் நாட்டிலும் இராணுவ வாகனங்களின் எண் ‘இசட்’ என்ற எழுத்தில் தொடங்குவதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் அது ‘எம்ஐடி’ என்று தொடங்குகிறது. உள்துறை, தற்காப்பு ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கவனித்த பழைய அமைச்சின் பெயர்ச் சுருக்கம் அது. 1970ஆம் ஆண்டில் அந்த அமைச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அமைச்சு மறைந்தும் அதன் பெயர் எண் தகட்டில் வாழ்கிறது. எண்ணும் ஒரு வரலாற்றுச் சான்றுதான் என்பதை இது காட்டுகிறது.

ஆனால், இராணுவத்தை விட்டு வெளியே வந்த வண்டியின் நிலை வேறு. அதன் பழைய எண் இன்று எந்தப் பொதுப் பதிவேட்டிலும் அதன் உரிமையாளரைக் காட்டாது. வாகனத்தைப் புதுப்பிக்கும் ஆர்வலர் பழைய படங்களைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்கிறார். ஒரே எண்ணை இரண்டு பேர் எழுதினாலும் கேட்பார் இல்லை. அது அந்த வண்டியின் பழைய கதையைச் சொல்லலாம். விபத்து நடந்த இடத்தில் நிற்கும் காவல் அதிகாரிக்கு அது எதையும் சொல்லாது.

இந்தச் சிக்கலை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகக் கையாளுகின்றன. பிரிட்டனில் பழைய வாகனங்களுக்குப் பல சலுகைகள் உண்டு. 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனம் வரலாற்று வாகனமாகப் பதிவு பெற்றால் அதற்குச் சாலை வரி இல்லை. பெரிய மாற்றங்கள் செய்யப்படாத பழைய வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயம் இல்லை. இன்றைய கார்களுக்கு முன்னால் வெள்ளைத் தகடும் பின்னால் மஞ்சள் தகடும் வேண்டும். இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால், 1980க்கு முன் செய்யப்பட்டு, வரலாற்று வாகனமாகப் பதிவு பெற்றவை பழைய முறைப்படி கறுப்புத் தகட்டையே மாட்டிக்கொள்ளலாம். 1936க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த வாகனங்களுக்குப் பிரேக் விளக்கும் திரும்பும் திசையைக் காட்டும் விளக்கும் கட்டாயம் இல்லை, கைச்சைகை போதும். ஆயினும், எண் தகடே வேண்டாம் என்று அந்தச் சட்டம் சொல்வதில்லை. இரவில் பின் எண் தகட்டின்மேல் விளக்கொளி விழ வேண்டும் என்பதையும் அது விட்டுக்கொடுப்பதில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சட்டம் இதைவிடத் தாராளமானது. முன்னாள் இராணுவ வாகனத்தின் குறிகளைச் சரியாகப் பேணுவதற்குத் தேவையென்றால், எண் தகட்டை வெளியில் காட்டுவதிலிருந்து அதற்கு விலக்குத் தரலாம். ஆனால், தகடும் பதிவுச் சான்றிதழும் வாகனத்துக்குள் இருக்க வேண்டும்; காவலர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

இந்த இரண்டில் பிரிட்டனின் வழியே சிறந்தது என்பேன். பழைமைக்கு மதிப்பளித்து, தகட்டின் நிறத்தையும் விளக்கின் வகையையும் அது தளர்த்துகிறது. பிறருக்குத் தெரிய வேண்டும் என்னும் கடமையைத் தளர்த்துவதில்லை. புளோரிடாவின் வழி, காவலர் வண்டியை நிறுத்திக் கேட்கும்போது பயன்படும். இடித்துவிட்டு நிற்காமல் போகும்போது பயன்படுமா? பள்ளியில் பெயர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ‘கேட்டால் காட்டுகிறேன்’ என்று சொல்லும் மாணவனை ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா? வண்டிக்குள் இருக்கும் தகட்டைச் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரால் படிக்க முடியாது.

மறுப்பவர்களின் நியாயங்கள்

என் கருத்தை மறுப்பவர்களுக்கும் நியாயங்கள் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையன்று.

‘இப்படிப்பட்ட வாகனங்கள் மிகக் குறைவு. ஆண்டில் சில நாள்கள்தான் சாலைக்கு வருகின்றன. அவற்றால் என்ன பெரிய ஆபத்து?’ என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பது உண்மைதான். ஆனால், அதுவே ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. தினமும் காணும் வாகனத்தின் போக்கை மற்ற ஓட்டுநர்கள் அறிவார்கள். எப்போதோ ஒரு முறை எதிர்ப்படும் வாகனத்தின் ஒற்றைப் பின்விளக்கை அவர்கள் எப்படி அறிவார்கள்? என் சித்தப்பா முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுபவர். அவரே அன்று ஏமாந்தார். மேலும், கண்காட்சிகள் மாலையில் முடிகின்றன. வண்டிகள் வீடு திரும்புவது இருட்டும் நேரத்தில்தான்.

‘பழைய பொருளில் புதியதைச் சேர்த்தால் அதன் மதிப்புக் கெடும்’ என்பது இரண்டாவது வாதம். இதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்த இரும்பு உடலில் துளையிடுவது வருத்தம் தரும் செயல். வெள்ளை நட்சத்திரமும் பழைய எண்ணும் எழுதிய பானெட்டின் நடுவே ஒரு புதிய தகட்டை ஒட்டினால் அது கண்ணை உறுத்தும். ஆனால், அருங்காட்சியகத்தில் நிற்கும் பொருளுக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கும் வேறுபாடு உண்டு. அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கத் தாமாக விரும்பி வருகிறார்கள். சாலையில் எதிர்ப்படுபவர்கள் யாரும் அதைத் தேடி வந்தவர்கள் அல்லர். வேலை முடிந்து வீடு திரும்பும் தாயும் அதே சாலையில்தான் வருகிறார். உரிமையாளரின் ஆசைக்காக அவருடைய பாதுகாப்பைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

‘அந்தக் காலத்தில் இந்த விதிகள் இல்லையே’ என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் சாலையில் இத்தனை வாகனங்களும் இல்லை. இந்த வேகமும் இல்லை. வண்டி பழையதாக இருக்கலாம். அது ஓடும் சாலை இன்றைய சாலை.

இரண்டையும் காக்கும் வழி

வரலாற்றைக் காப்பதா, உயிரைக் காப்பதா என்று நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. இரண்டையும் காப்பதற்கு எளிய வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஜீப்பின் வலப்பக்க விளக்குக் கூட்டின் உள்ளே சாதாரண விளக்கைப் பொருத்திவிடலாம். பல ஆர்வலர்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள். வெளித்தோற்றம் சிறிதும் மாறாது. பகலில் பார்ப்பவருக்கு அது 1940களின் ஜீப்தான். இரவில் பின்னால் வருபவருக்கு இரண்டு விளக்குகள் தெரியும். இடையில் ஒரு முழு வண்டி இருக்கிறது என்பதும் தெரியும்.

இரண்டாவது, கழற்றி மாட்டக்கூடிய விளக்குப் பலகையைப் பயன்படுத்தலாம். இழுவை வண்டிகளின் பின்னால் பின்விளக்குகளும் எண் தகடும் சேர்ந்த ஒரு நீளமான பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற பலகையை வாரினால் கட்டிக்கொண்டால் துளையிட வேண்டியதில்லை. அந்தக் கால ஜீப்பின் மின்சாரம் 6 வோல்ட்; இன்றைய கார்களில் 12 வோல்ட். எனவே, புதிய விளக்குகளை அப்படியே இணைக்க முடியாது. மின்கலத்தில் எரியும் தனி விளக்குகளைப் பயன்படுத்தினால் அந்தச் சிக்கலும் தீரும். திடலை அடைந்ததும் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். புறப்படும் முன் மீண்டும் மாட்ட வேண்டும். ‘தகடு மாட்டாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது’ என்று ஏற்பாட்டாளர்கள் ஒரு விதி வைத்து, வாசலில் ஒருவரை நிறுத்தினால் மறதிக்கு இடம் இராது.

மூன்றாவது, கறுப்புத் தகடு வைத்திருப்பவர்கள் அதற்குரிய சிறு விளக்கைத் தவறாமல் பேண வேண்டும். இன்றைய தகடு பின்னால் வரும் காரின் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்பும். கறுப்புத் தகடு அப்படிச் செய்யாது. அதன்மேல் விழும் விளக்கொளிதான் அதற்குக் கண். பிரிட்டனில் வாகனம் ஓட்டும் உரிமம் பெறுபவர் 20 மீட்டர் தூரத்திலிருந்து ஓர் எண் தகட்டைப் படித்துக் காட்ட வேண்டும். ஓட்டுநருக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. படிக்கும்படி தகடு இருந்தால்தானே அந்தக் கண்ணுக்குப் பயன்?

நான்காவது, விலக்குத் தேவையான இடங்களில் அதை எல்லையோடு தரலாம். காவல்துறையினர் சாலையை மூடிப் பாதுகாப்புத் தரும் அணிவகுப்பில் வாகனங்கள் எண் தகடு இன்றிச் செல்வதில் தவறில்லை. அங்கே பின்னால் வருபவர் என்று வெளியார் எவரும் இல்லை. அணிவகுப்பு முடிந்த இடத்தில் விலக்கும் முடிய வேண்டும்.

நம் சாலைகளிலும்

இது எங்கோ ஒரு நாட்டில் சிலருடைய பொழுதுபோக்கைப் பற்றிய செய்தி என்று நினைத்துவிட வேண்டாம். கேமரன் மலைக்குச் சென்றவர்கள், காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களை அங்கே கண்டிருப்பீர்கள். வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலை, திடீரென்று இறங்கும் மூடுபனி, மாலை மழை. அங்கே முன்னால் செல்லும் வண்டியின் பின்விளக்கு எரிகிறதா இல்லையா என்பது, பின்னால் வரும் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி! நம் ஊர்களில் பின்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள்கள் ஓடவில்லையா? சேறு படிந்து எண்ணே தெரியாத லாரிகள் ஓடவில்லையா? அழகுக்காக எழுத்துகளை நெருக்கியும் வளைத்தும் எழுதிய தகடுகளை நாம் பார்க்கவில்லையா? அவற்றின் உரிமையாளர்களுக்கு வரலாற்றைக் காக்கிறோம் என்ற காரணமும் இல்லை.

கென்ட் முதியவரை நான் இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். அவர் தம் வண்டியை நேசித்தார். அதன் ஒவ்வொரு திருகாணியின் கதையும் அவருக்குத் தெரியும். மறுநாள் அவர் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, வலப்பக்கக் கூட்டில் புதிய விளக்கைப் பொருத்திவிட்டதாகச் சொன்னார். பேரன்தான் பின்னால் நின்று, விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொன்னானாம்.

மாணவர்களே, உங்களில் பலர் சைக்கிளில் பள்ளிக்குச் செல்கிறீர்கள். சிலர் விரைவில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறப் போகிறீர்கள். இன்று மாலை உங்கள் சைக்கிளின் பின்னால் சென்று நின்று பாருங்கள். பின்புறச் சிவப்பு ஒளிப்பான் இருக்கிறதா? அது சேறு படியாமல் சுத்தமாக இருக்கிறதா? வீட்டிலுள்ள காரின் பின்விளக்குகளும் எண் தகட்டு விளக்கும் எரிகின்றனவா என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரால் தம் வண்டியின் பின்புறத்தைப் பார்க்க முடியாது. வேறொருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிட வேலையை இன்று நீங்கள் செய்யுங்கள்.